மேடையில் கப்பல் வேண்டாம்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்டுட்கார்ட்டில், கருங்கடல் கரையிலிருந்து வந்த நம் பொந்தோஸ் கிரேக்கர்களின் சங்கம் இந்தக் கிறிஸ்துமஸுக்கு நம் சிரிப்புக் கூத்தான மொமோயெரியாவை ஆடப்போகிறது, கிழவன் வேடம் உனக்கு என்று படித்ததும் உன் அம்மா அன்று முழுவதும் பாடிக்கொண்டே இருந்தாள். ஆனால், அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நம் பொந்தோஸ் கிரேக்கப் பேச்சு புரியாது என்பதால், கூத்தின் நடுவே, துருக்கியிலிருந்து கிரேக்கர்கள் விரட்டப்பட்ட 1922-ஆம் ஆண்டின் பேரழிவைக் காட்ட மேடையில் ஓர் அகதிக் கப்பலை நிறுத்தலாம் என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு எனக்குச் சம்மதமில்லை.

என் பாட்டி பதினோரு வயதில் அப்படியொரு கப்பலில் வந்தவள். தெசலோனிக்கிக்கு அருகே கலமாரியாவின் தனிமை முகாமில் அவளுக்குத் தலையை மழித்தார்கள். தம்பிகள் இருவரையும் அங்கேயே புதைத்தார்கள். இதற்கு மேல் எனக்குத் தெரியாது, ஏனென்றால் அவள் சொன்னதே அவ்வளவுதான். அப்படிப்பட்டவள், டிசம்பர் 25 முதல் ஜனவரி 5 வரை, தெருமுனையில் லிரா என்னும் நம் நரம்பிசைக் கருவி ஒலித்த கணமே வாசலுக்கு வந்துவிடுவாள். முப்பது ஆட்டக்காரர்கள் முற்றத்தில் நுழைவார்கள். அவர்கள் நகைப்புத் தெய்வம் மோமோஸின் பூசாரிகளா, அலெக்சாந்தரின் தளபதிகளா என்ற வழக்கு நம்மூர் காபிக்கடையில் இன்றும் தீரவில்லை. பெண்வேடமிட்ட மணப்பெண்ணை இளவட்டங்கள் கவர முயலும்போது கிழவன் என்ன புலம்புவான் என்பதை அவனுக்கு முன்பே பாட்டி சொல்லிச் சிரிப்பாள். ஒருமுறை கிழவனாக வந்த பையன் நம் ‘கி’ என்ற மறுப்புச் சொல்லை விட்டுவிட்டு ஏதென்ஸ்காரர்களைப் போல ‘தென்’ என்றபோது, கைத்தடியால் தரையைத் தட்டி ஆட்டத்தையே நிறுத்திவிட்டாள்.

1923 ஜனவரி 30 அன்று லோசானில் கிரீஸும் துருக்கியும் கையெழுத்திட்ட மக்கள் பரிமாற்ற உடன்படிக்கை மதத்தை மட்டுமே பார்த்தது, மொழியைக் கேட்கவில்லை. அதனால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு வந்தபோது, நம் பேச்சையே பேசிய முஸ்லிம்கள் துருக்கியின் திராபிசோன் மலைகளிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களில் சிலர் அதை இன்றும் பேசுகிறார்கள். பாட்டிக்கு ஊர் என்பது அந்த ‘கி’தான், அது கூத்தில் பிழையின்றி ஒலிக்க வேண்டியிருந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

அகதிகள் வேண்டிய அளவு காட்சிப்பொருளாக இருந்துவிட்டார்கள். ஏதென்ஸ் நகராட்சி நாடக அரங்கின் மாடங்களில், வெல்வெட் விரித்த ஒவ்வொரு மாடத்துக்கும் ஒரு குடும்பமாக அவர்களைக் குடியமர்த்திய காலம் அது. வட கிரீஸின் கொசானி வட்டாரத்தின் எட்டு ஊர்களுக்கு வந்து சேர்ந்தவர்களோ தங்கள் சிரிப்பைக் கைவிடாமல் கொண்டுவந்தார்கள். 2016-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் அந்தக் கூத்தைத்தான்.

நான் அழுகைக்கு எதிரியல்ல. நாடுகடத்தலைப் பற்றி நம் பேச்சில் எழுதப்பட்ட நாடகங்களைப் பார்த்துக் கைக்குட்டை நனைந்து திரும்பியவன். கப்பல் வேண்டுமென்றால் அதற்கென்று வேறொரு மாலையில் வேறொரு நாடகம் போடுங்கள். மொமோயெரியாவில், மணப்பெண்ணைப் பறிகொடுத்த கிழவன் தடுக்கி விழுவதைப் புரிந்துகொள்ள அந்தப் பிள்ளைகளுக்கு எந்த மொழியும் தேவைப்படாது. சிரித்தபின் அவன் என்ன சொன்னான் என்று அவர்களே கேட்பார்கள்.

தாத்தாவின் இடுப்பு மணிகளைத் துடைத்து, அடுத்த வாரம் அங்கே வரும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். வாரில் ஒரு துளை தளர்ந்திருக்கிறது, பார்த்துக் கட்டு. முதல் ‘கி’ வரும் இடத்தில் அவசரப்படாதே. முதியவர்கள் அங்கே சிரிப்பார்கள், அவர்கள் முடிக்கும்வரை பொறுத்து நில்.

அன்புடன்,
அப்பா