தினம் 80 கிலோமீட்டருக்கு எந்த வண்டி

மன்னார்குடி
ஆடி 12

அம்மாடி,

கும்பகோணம்–தஞ்சாவூர் தினம் போய்வர எந்த பைக் வாங்கலாம், ஸ்ப்ளெண்டரா, ஷைனா, ஆபீசில் ஒருத்தர் விற்கிறேன் என்ற கிளாசிக் 350ஆ என்று கேட்டிருந்தாய். நீ எழுதிய மூன்று மைலேஜும் ஒன்றோடொன்று சேராது. ஒன்று விளம்பரத்தில் வந்தது, ஒன்று மீட்டர் காட்டியது, இன்னொன்று "நூறு ரூபாய்க்குப் போட்டேன், இவ்வளவு ஓடிச்சு" ரகம். மூன்றையும் ஒரே மாதிரி அளந்தால்தான் பேச்சு.

அளப்பது இப்படி. ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நாசில் முதல் தடவை தானாக நிற்கும்வரை போடச் சொல். அதற்கு மேல் கழுத்துவரை ஊற்ற விடாதே. ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கு. ஐந்து நாள் கும்பகோணம்–தஞ்சாவூர் போய்வந்தால் 400 கிலோமீட்டர். மறுபடி அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகு. 2 லிட்டரில் அளக்காதே. நிரப்புவதில் 200 மில்லி முன்பின் ஆனாலே லிட்டருக்கு 65 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி 59 என்றும் காட்டும், 72 என்றும் காட்டும். 6 லிட்டரில் அந்தப் பிசகு நூற்றுக்கு மூன்றுதான்.

மாமா சொல்லும் பழைய 70ஐ இன்றைய பெட்ரோலில் எதிர்பார்க்காதே. இப்போது அதில் 20 சதவீதம் எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். கலப்பில்லாத பெட்ரோலோடு பார்த்தால் கணக்குப்படி ஆறேழு சதவீதம் குறையும்.

இனி காசு. மாதம் 25 நாள் என்றால் 2,000 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள். 65 கொடுத்தால் 3,080 ரூபாய், 55 கொடுத்தால் 3,640, 35 கொடுத்தால் 5,710. அதாவது 35க்கும் 55க்கும் நடுவே இரண்டாயிரத்துச் சொச்சம்; 55க்கும் 65க்கும் நடுவே 560தான். 65ஐ 75 ஆக்கினால் மிச்சம் 400 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். மேலே போகப்போக லாபம் சுருங்கும். ஆகவே கிளாசிக்கை விட்டுவிடு. 195 கிலோ வண்டியைப் பாபநாசம் கடைத்தெருவிலும் அய்யம்பேட்டையிலும் நிறுத்தி நிறுத்திக் கிளப்பினால் அந்த 35கூட நிற்காது.

மற்ற இரண்டில் தீர்மானிப்பது உன் வேகம். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்; 50இல் போகிறவள் 70இல் போனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பழைய ரோட்டில் 45, 50 என்று போவதானால் 97.2 சிசி ஸ்ப்ளெண்டரை அடிக்க ஆளில்லை. நாலு வழிச் சாலையில் ஏறி 65, 70 பிடிப்பாய் என்றால் நாலு கியரோடு அது திணறும், ஆக்சிலேட்டர் முக்கால்வாசி திறந்தே இருக்கும். 2020க்குப் பிந்தைய 125 சிசி ஷைனுக்கு ஐந்து கியர். அங்கே இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்துவிடும்.

ஆடியில் அளக்கும்போது ஒன்று. காலையில் தஞ்சாவூர் போகையில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று நேரே நெஞ்சில் அடிக்கும், மாலையில் முதுகில் தள்ளும். போக மட்டும் அளந்தாலும் தப்பு, வர மட்டும் அளந்தாலும் தப்பு.

பழைய வண்டி பார்த்தால் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்று. இரண்டு சுற்றாவது தானாக ஓட வேண்டும். உடனே நின்றால் பெரும்பாலும் பிரேக் ஷூ உரசல், இல்லாவிட்டால் செயின் அளவுக்கு மேல் இறுக்கம். செயினைக் கீழ்ப்பக்கம் நடுவில் தூக்கினால் 25 மில்லிமீட்டர் சுமாருக்கு ஆட வேண்டும். அறுப்புக் காலத்தில் ரோட்டில் வைக்கோல் கிடக்கும். அச்சில் சுற்றியிருந்தாலும் இதே இழுவைதான். கிளட்ச் லிவரில் லூஸே இல்லையென்றால் கிளட்ச் வழுக்கும்: இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது, பெட்ரோல் மட்டும் போகும்.

டயர்க் காற்றைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, டயர் ஆறியிருக்கும்போது பார். ஸ்ப்ளெண்டருக்குத் தனியாகப் போனால் முன்னால் 25 பிஎஸ்ஐ, பின்னால் 28. ஆயில் இரண்டு வண்டிக்கும் 10டபிள்யூ30. "வெயிலுக்கு நல்லது" என்று யாராவது 20டபிள்யூ50 ஊற்றினால் வேண்டாம் என்று சொல். தடித்த ஆயில் இன்ஜினுக்குச் சுமை.

ஷைனை எடுப்பாய் என்றுதான் நினைக்கிறேன், நீ 50இல் போகிறவள் இல்லை. ஐந்து நாள் கணக்கை எழுதி அனுப்பு.

அப்பா