நரையோடு இருக்கவும் வழி சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் ஞாயிறு பெண்கள் பக்கத்தில் நரையை மறைக்கும் குறிப்புகள் அடிக்கடி வருகின்றன. எந்த முகத்துக்கு எந்த நிற டை எடுப்பாக இருக்கும், எத்தனை நாளுக்கு ஒருமுறை போடலாம் என்றெல்லாம் எழுதுகிறீர்கள். நான் காரைக்குடியில் சின்னதாக ஒரு பெண்கள் அழகு நிலையம் நடத்துகிறேன். அந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து, "அக்கா, இந்த மாதிரி போட்டுவிடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. அச்சில் வந்ததை நம்புகிறவர்கள் அவர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். டை அடிப்பது எப்படி என்று சொல்லும் அதே பக்கத்தில், அதை நிறுத்துவது எப்படி என்றும் எழுதுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவிக்கிற பெண்களை நான் தினமும் பார்க்கிறேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா வழியில் எல்லோருக்கும் இளநரை. எனக்கும் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே காதோரம் வெளுக்கத் தொடங்கிவிட்டது. தொழிலும் இதுவே என்பதால் டை போட்டுக்கொண்டே வந்தேன். சில வருடங்களுக்கு முன் விரல் இடுக்கில் அரிப்பு வந்தது. தோல் வெடித்தது. அப்புறம் ஒருமுறை தலைக்கு டை போட்ட மறுநாள் காலையில் இரண்டு இமையும் வீங்கி, கண்ணைத் திறக்க முடியவில்லை. தோல் மருத்துவர் முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகளை வரிசையாக ஒட்டி, இரண்டு நாள் தண்ணீர் படாமல் இருக்கச் சொன்னார். பிரித்துப் பார்த்தபோது ஓரிடம் மட்டும் சிவந்து தடித்துக் கொப்பளித்திருந்தது. அந்த ஒட்டில் இருந்தது பாராபினைலீன்டையமின் என்றார். சுருக்கமாக பிபிடி என்பார்கள். கறுப்பும் அடர்பழுப்புமாக நாம் வாங்குகிற நிரந்தர டைகளில் பெரும்பாலும் இருப்பது அதுதான்.

இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் பார்த்திருப்பார்கள், டியூபிலிருந்து பிதுக்கும்போது கிரீம் வெளிறித்தான் இருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள டெவலப்பரை ஊற்றிக் கிண்ணத்தில் கலக்கினால் ஓரத்திலிருந்து பழுப்பேறிக்கொண்டே வரும். பின்னந்தலையில் தொடங்கிப் பாகம் பாகமாகப் பிரித்துப் பூசி நெற்றிக்கு வருவதற்குள் பிரஷ்ஷில் இருப்பது கறுத்திருக்கும். இதே மாற்றம்தான் முடிக்கு உள்ளேயும் நடக்கிறது. அம்மோனியா முடியின் மேல்தோலைத் தளர்த்திவிடுகிறது. நிறமில்லாத சின்ன மூலக்கூறுகள் உள்ளே போய், அங்கே ஒன்றோடொன்று சேர்ந்து, பெரிதாகி, நிறமேறி, வெளியே வர முடியாமல் தங்கிவிடுகின்றன. எத்தனை தடவை தலைக்குக் குளித்தாலும் சாயம் போகாதது அதனால்தான். இடையில் அந்தக் கலவை மண்டைத்தோலிலும் அரை மணி நேரம் ஊறுகிறது. சிலருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் ஆவதில்லை. சிலருக்குப் பல வருடம் ஒத்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகிறது. ஒருதரம் அப்படி ஆகிவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் உடம்பு அதை மறப்பதில்லை.

பிபிடி சேர்த்த டைப் பெட்டியில், தோலில் எரிச்சல் வரலாம், முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், இமைக்கும் புருவத்துக்கும் பூசினால் கண் பார்வையே போகலாம் என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அச்சிடவும் செய்கிறார்கள். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்குகிற சின்னப் பாக்கெட்டில் அந்தப் பொடி எழுத்தை, டை தேவைப்படுகிற வயதில் இருக்கும் ஒருவர் கண்ணாடி இல்லாமல் எப்படிப் படிப்பார்? காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்க்க வேண்டும் என்ற ஒரு வரியை உங்கள் குறிப்புகளில் நான் இதுவரை படித்ததில்லை. தயவுசெய்து அதைச் சேருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் கடைக்கு "முகத்தில் கறுப்பு விழுந்துடுச்சு, ஃபேஷியல் பண்ணுங்க" என்று வருகிறவர்களில் சிலருக்கு அந்தக் கறுப்பு நெற்றியின் மேல் விளிம்பிலும், காதுக்கு முன்னாலும், கழுத்தோரமும்தான் இருக்கும். வெயில், மங்கு என்று நினைத்து மாதக்கணக்கில் கிரீம் பூசியிருப்பார்கள். டை படுகிற எல்லையிலேயே அந்தக் கறுப்பு நிற்பது கூர்ந்து பார்த்தால் தெரியும். தோல் மருத்துவரிடம் போகச் சொல்லி அனுப்பியதில் பலருக்கு டைதான் காரணம் என்று தெரிந்தது. கறுப்பை எடுக்க ஒரு செலவு, கறுப்பாக்க ஒரு செலவு என்று இரண்டையும் ஒரே கடையில் செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் பணத்தை வாங்கக் கை வரவில்லை.

சரி, இயற்கை மருதாணி போடலாமே என்பார்கள். உண்மையான மருதாணி இலை நரைத்த முடியைச் செம்மஞ்சளாகத்தான் ஆக்கும். அதன்மேல் அவுரி இலைப் பொடியைத் தனியாகப் போட்டால் கறுப்புக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வரும். அதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும். திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது. இலையை வாங்கி நிழலில் உலர்த்திப் பொடித்துப் போடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'கறுப்பு மருதாணி' என்று பெயர் போட்டு அரை மணியில் கருகருவென்று ஆக்குகிற பொடியில் வேலை செய்வது பெரும்பாலும் அதே பிபிடிதான். 'அம்மோனியா இல்லை' என்ற வாசகத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அம்மோனியா இல்லாத டையிலும் பிபிடி இருக்கலாம்.

யாரையும் பயமுறுத்த நான் இதை எழுதவில்லை. புற்றுநோய் வருமா என்று கேட்கிறவர்களுக்கும் தெரிந்ததை மட்டும் சொல்வேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, முடி அலங்காரத் தொழில் செய்கிறவர்களுக்கு அந்தத் தொழில் அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தியிருக்கிறது. தன் தலைக்கு மட்டும் போட்டுக்கொள்கிறவர்களைப் பற்றி முடிவு சொல்லச் சான்று போதாது என்கிறது. ஆகவே கவலைப்பட வேண்டியவர்களில் முதல் ஆள், நாள் முழுக்கக் கையுறை இல்லாமல் டை கலக்குகிற பார்லர் பெண். நல்ல கையுறை போடாமல் என் கடையில் யாரும் கிண்ணத்தைத் தொடக் கூடாது. இதை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாச் சகோதரிகளுக்கும் உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால், பெண்கள் டையை நிறுத்தாமல் இருப்பதற்கு இந்த விவரம் எதுவும் தெரியாதது காரணமில்லை. தெரிந்தவர்களும் போடுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டு அவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டால்தான் விஷயம் புரியும். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், அம்மா கிழவியாக இருந்தால் பெண்ணின் வயதைக் கூட்டிப் போடுவார்கள். கணவர் டை அடித்து இளமையாகத் தெரிகிறார், பக்கத்தில் நின்றால் அக்காவா என்று கேட்கிறார்கள். வேலை பார்க்கும் இடத்தில் புதிதாக வந்த பிள்ளைகள் பாட்டி என்று கூப்பிடுகிறார்கள். இவற்றைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எனக்கு மனசு ஆறாதது வேறொன்று.

நான் டையை நிறுத்தி வகிட்டில் வெள்ளை தெரியத் தொடங்கியபோது எங்கள் பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கழுத்துல தாலியோட இருக்கிறவ ஏன்டி இப்படித் தலையை விட்டுட்ட? பார்க்கவே நல்லாயில்ல" என்று அழாத குறையாகச் சொன்னார். என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார். அதே தெருவில் இன்னொரு பெண். கணவர் மாரடைப்பில் தவறிவிட்டார். அவளுக்கு நாற்பது வயதுகூட இருக்காது, இளநரை. வருடம் திரும்பிய பிறகு என்னிடம் வந்து டை போட்டுக்கொண்டு போனாள். "இனி யாருக்குக் காட்ட இதெல்லாம்?" என்று சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். அடுத்த முறை கடையை மூடும் நேரம் பார்த்து, பின்பக்க வழியாக வந்தாள். வேலைக்குப் போகிறவள், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவள், தன் தலைமுடிக்காகத் திருடி மாதிரி வர வேண்டியிருந்தது. புருஷன் இருந்தால் நிறுத்தக் கூடாது, இல்லாவிட்டால் போடக் கூடாது. இரண்டு பேருக்கும் சட்டம் போட்டது ஒரே ஊர்தான்.

நான் நரைக்காக வாதாடுகிறேன். ஆனாலும் அந்தப் பெண் கேட்டால் இன்றைக்கும் என் கடையில் டை போட்டுவிடச் சொல்வேன். அவரவர் தலை, அவரவர் விருப்பம். ஆனால் விருப்பம் என்று சொல்ல வேண்டுமானால் போடாமல் இருப்பதும் ஒரு வழியாகத் திறந்திருக்க வேண்டும் அல்லவா? ஆண்களுக்கு அது திறந்துதான் இருக்கிறது. அஜித்குமார் எத்தனையோ படங்களில் நரைத்த தலையோடு கதாநாயகனாக வந்திருக்கிறார், பிள்ளைகள் கொண்டாடுகிறார்கள். ரஜினிகாந்த் வழுக்கையும் வெண்தாடியுமாக மேடையேறுகிறார், எளிமை என்று பாராட்டுகிறார்கள். நானும் பாராட்டுகிறேன். அவர்களோடு நடிக்கும் கதாநாயகியின் வகிட்டில் ஒரு வெள்ளை முடி உண்டா என்று பாருங்கள்.

நம்மிடம் அப்படிப்பட்ட பெண்கள் இல்லாமலும் இல்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் கட்டிக் காத்த டாக்டர் சாந்தா வெளுத்த தலையோடுதான் 2005-இல் மகசேசே விருதைப் பெற்றார். கொரோனா காலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்த சென்னைப் பெண் சௌமியா சுவாமிநாதனை, நரைத்த தலையோடு அடிக்கடி தொலைக்காட்சியில் பார்த்தோம். அவர் பேசியதைக் கேட்டோம், முடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்த 2020 ஊரடங்கில் பார்லர்கள் மூடிக் கிடந்தபோதுதான் எங்கள் ஊரில் பலர் தங்கள் சொந்த முடியின் நிறத்தை முதல்முறையாகப் பார்த்தார்கள். கடை திறந்ததும் பெரும்பாலோர் திரும்ப வந்துவிட்டார்கள். வராத சிலர் இன்றும் அழகாக இருக்கிறார்கள்.

நிறுத்த நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். இடுப்புவரை சாயம் ஏற்றிய கூந்தல் முழுக்க மாற வருடங்கள் ஆகும். கஷ்டமான காலம் முதல் ஆறேழு மாதம். வகிட்டுப் பக்கம் வெள்ளை, கீழே கறுப்பு என்று கோடு போட்டது போலத் தெரியும். நேர் வகிட்டை விட்டுக் கோணல் வகிடு எடுத்தால், அல்லது தூக்கி வாரிக் கொண்டை போட்டால் கோடு கண்ணில் அவ்வளவாக உறுத்தாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டிக்கொண்டே வரலாம். துணிந்தவர்கள் தோள்வரை வெட்டிவிடுகிறார்கள். தைப்பூசத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து பழனிக்கு நடந்து போவார்கள். என் வாடிக்கைக்காரர் ஒருவர் அப்படிப் போய் முடி காணிக்கை கொடுத்துவிட்டு வந்தார். முளைத்தது வெள்ளையாக முளைத்தது, அப்படியே விட்டுவிட்டார். சாமிக்குக் கொடுத்த முடி என்பதால் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நரைத்த முடி கொஞ்சம் வறண்டு முரண்டு பிடிக்கும். குளிப்பதற்கு முன் எண்ணெய் வைத்தால் படியும். உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் மஞ்சள் பூத்தால் ஊதா நிற ஷாம்பு கிடைக்கிறது, எப்போதாவது போட்டால் போதும். சின்ன வயதிலேயே திடீரென்று அதிகமாக நரைத்தால் டையைத் தேடுவதற்கு முன் பி12 சத்தும் தைராய்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

என் தலை இப்போது முக்கால்வாசி வெள்ளை. தலையணை உறையில் டை வாசம் இல்லை. விசேஷ வீட்டுக்குக் கிளம்பும் முன் கண்ணாடியில் வகிட்டைத் தேடுவதில்லை. வெள்ளை முடியில் கனகாம்பரம் வைத்தால் அந்த நிறம் எடுத்துக் காட்டுவதை நீங்கள் பார்க்க வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் குறையவும் இல்லை. த்ரெடிங்குக்கு என்று வந்து, "அக்கா, நீங்க எப்படி நிறுத்தினீங்க?" என்று மெதுவாகக் கேட்கிறவர்கள்தான் கூடியிருக்கிறார்கள்.

ஐயா, உங்களிடம் கேட்பது மூன்றே விஷயங்கள். டை பற்றி எழுதும்போதெல்லாம் 48 மணி நேரச் சோதனையைப் பற்றி எழுதுங்கள். கறுப்பு மருதாணியில் என்ன இருக்கிறது என்று ஒரு தோல் மருத்துவரைக் கேட்டு விரிவாக வெளியிடுங்கள். பொங்கல், தீபாவளி சிறப்பிதழ்களில் பட்டுப்புடவைப் படங்கள் போடும்போது நரைத்த தலையோடு ஒரு பெண்ணையும் நிறுத்துங்கள். பாட்டி வேடத்தில் வேண்டாம், ஐம்பது வயதுப் பெண்ணாக, அவளுக்குப் பிடித்த புடவையில். அந்தப் படத்தையும் யாராவது கத்தரித்து எடுத்துக்கொண்டு என் கடைக்கு வருவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது.

இப்படிக்கு,
அழகு நிலையம் நடத்தும் வாசகி,
காரைக்குடி.