மந்தண முத்திரையை யார் திறப்பது?

ஆசிரியருக்கு,

அரசு ஆவணங்களை நீதிமன்றத்தில் காட்ட மறுக்கும் உரிமை பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். அதற்காகக் கோப்பில் 'மந்தணம்' (இரகசியம்) என்ற முத்திரையைக் குத்திய கை எழுதுகிறது.

1990களில் ஒரு பதவி உயர்வு வழக்கு. கேட்கப்பட்ட கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் 'மந்தணம்' என்று நான்தான் குத்தினேன். வெளியிட்டால் பொதுநலன் பாதிக்கும் என்று துறைத் தலைவர் பெயரில் பிரமாணப் பத்திரம் தயாரானது. வாசகம் பழைய வழக்கில் எடுத்தது. தேதியை மட்டும் மாற்றினோம். நீதிபதி கோப்பைத் தன் அறைக்கு வரவழைத்துக் கால்மணி நேரம் புரட்டினார். உள்ளே இருந்தது என்ன? முதுநிலைப் பட்டியலில் (பணிமூப்பு வரிசையில்) ஒரு பெயர் விடுபட்டிருந்தது. அதை மூன்று மேசைகள் 'பேசவும்' (நேரில் வந்து விளக்கவும்) என்று எழுதியே எட்டு மாதம் தள்ளியிருந்தன. நீதிபதி நகல் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

அவர் அப்படித் திறந்து பார்க்க முடிந்தது சும்மா வந்த அதிகாரமல்ல. 1961இல் சோதி சுக்தேவ் சிங் வழக்கில், ஆவணத்தைப் பார்க்காமலேயே நீதிமன்றம் முடிவெடுக்க வேண்டும் என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1975இல் ராஜ் நாராயண் வழக்கு அதை மாற்றியது. பிரதமரின் பயணப் பாதுகாப்பு பற்றிய 'நீலப் புத்தகம்' கேட்கப்பட்ட வழக்கு அது. சந்தேகம் இருந்தால் நீதிபதியே படித்துப் பார்க்கலாம் என்றானது.

கோப்பு வெளியே வரும் என்றால் அதிகாரிகள் மனம் திறந்து எழுதமாட்டார்களாம்; காட்ட மறுப்பவர்கள் சொல்லும் வாதம் இது. 1981இல், நீதிபதிகள் நியமனம், இடமாற்றம் பற்றிய எஸ்.பி. குப்தா வழக்கிலேயே இந்த வாதம் எடுபடவில்லை. பயந்தவர்கள் எப்போதுமே கோப்பில் எழுதியதில்லை, சார். குண்டூசியில் குத்திய துண்டுச்சீட்டில்தான் எழுதினார்கள். வேலை முடிந்ததும் சீட்டைக் கிழித்துவிடுவோம். படைகள் எங்கே நிற்கின்றன என்பது போன்ற விஷயங்களைக் காட்டச் சொல்லி நானும் கேட்கவில்லை.

இப்போது என் கவலை வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்), பிரிவு 165இல், அமைச்சர்களுக்கும் குடியரசுத் தலைவருக்கும் இடையிலான தகவல் தொடர்பு எதையும் எந்த நீதிமன்றமும் வரவழைக்கக் கூடாது என்கிறது. அமைச்சரவை குடியரசுத் தலைவருக்குத் தரும் ஆலோசனையை நீதிமன்றம் விசாரிக்காதபடி அரசமைப்பின் 74(2) ஏற்கெனவே காப்புத் தருகிறது. ஆலோசனைக்கு அடிப்படையான ஆவணங்களுக்கு அந்தக் காப்பு இல்லை என்று 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் தீர்ப்பானது. சரி, ஆலோசனையோடு இணைப்பாகப் போகும் அறிக்கை இனி 'ஆவணமா', 'தகவல் தொடர்பா'? கோப்பு கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்: எதை வேண்டுமானாலும் இணைப்பாக்கிவிடலாம், தாள்களைக் கோக்கும் ஒரு டேக் கயிறு போதும்.

வழக்கறிஞர் வாசகர்கள் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரிவு அலுவலர் ஒருவர்