கோப்புகளை அளந்தது போதும், கட்டடத்தை அளந்து பாருங்கள்

எரிசக்தித் துறை, கட்டட அனுமதித் துறை உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்னையில் புதிதாகக் கட்டிய அலுவலகக் கட்டடம் ஒன்றின் பராமரிப்புப் பொறியாளர் நான். எரிசக்திச் சேமிப்புக் கட்டட நெறிமுறை 2007இல் வந்ததும், 2017இல் திருத்தப்பட்டதும், 100 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட மின்சுமை உள்ள வணிகக் கட்டடங்களுக்கு அது பொருந்துவதும் நீங்கள் அறிந்தவை.

நெறிமுறைப்படி கட்டப்பட்டது என்ற சான்றிதழை எங்கள் வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஐந்தாம் மாடியின் மேற்குப் பக்கத்தில் கணக்குப் பிரிவு இருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே கண்ணாடியில் கை வைக்க முடியாது. வெப்பம் தாங்காமல் ஊழியர்கள் பழுப்புத் தாளை ஒட்டினார்கள். அதுவும் போதாமல் தெர்மோகோல் அட்டைகளைச் செருகினார்கள். வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடி இப்படி அடைபட்டுப் போனதால் பட்டப்பகலில் எல்லா விளக்குகளும் எரிகின்றன. ஏசியை 19 டிகிரிக்கு இறக்கியும் ஜன்னலோரம் இருப்பவர்களுக்கு வியர்க்கிறது. நடுவில் உட்கார்ந்திருக்கும் பெண்களோ சால்வை போர்த்திக்கொண்டு வேலை பார்க்கிறார்கள்.

நம் ஊர்த் தட்பவெப்பத்தில், மேற்குப் பக்கக் கண்ணாடி வெயிலின் வெப்பத்தில் 27 விழுக்காட்டுக்கு மேல் உள்ளே விடக் கூடாது என்கிறது 2017 நெறிமுறையின் அட்டவணை. வரைபடத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் சுவரில் பொருத்தியது அதே கண்ணாடிதானா? வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கருவி வைத்து அளக்க வேண்டும். ஆய்வுக்கு வந்தவர் கோப்பைப் புரட்டினார், பட்டியலில் குறியிட்டார், கிளம்பிவிட்டார். ஐந்தாம் மாடிக்கு அவர் ஏறவே இல்லை. குளிர்நீர் பம்புகளின் வேகத்தைத் தேவைக்கேற்பக் குறைக்கும் வி.எஃப்.டி. என்ற கருவி வேலை செய்யாமல் பைபாஸில் கிடப்பதும், பம்புகள் இரவும் பகலும் முழு வேகத்தில் ஓடுவதும் அந்தப் பட்டியலில் எப்படித் தெரியும்?

கட்டடத்தை அளந்து பாருங்கள் என்பதே என் கோரிக்கை. குடியேறி ஓராண்டு ஆன பிறகு, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்று பார்த்துவிட்டுச் சான்றிதழ் கொடுங்கள்.

வீட்டு ஏசியை 24 டிகிரியில் வையுங்கள் என்று குடும்பங்களுக்கு அறிவுரை சொல்கிறீர்கள். அவர்களும் மின்கட்டணத்துக்குப் பயந்து கேட்கிறார்கள். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடியை நிறுத்திவிட்டுப் போகிறவரிடம் மட்டும் ஏன் யாரும் கேள்வி கேட்பதில்லை? கட்டியவர் விற்றுவிட்டுப் போய்விடுவார். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மின்கட்டணம் கட்டப் போகிறவர் வேறொருவர். இதற்கு எனக்குக் கோபம் வருகிறது, மன்னியுங்கள்.

அமெரிக்காவில் 2009இல் வந்த பொருளாதார மீட்புச் சட்டம், எரிசக்தி நிதி பெறும் மாநிலங்களிடம் கட்டட எரிசக்தி நெறிமுறைக்கு எட்டு ஆண்டுகளில் 90 விழுக்காடு இணக்கம் காணத் திட்டம் கேட்டது. அந்த இணக்கத்தை ஆண்டுதோறும் அளக்க வேண்டும் என்றும் அதிலேயே எழுதியது. அளவீடு இல்லாத இலக்கை அவர்கள் ஏற்கவில்லை.

எல்லாக் கட்டடங்களுக்கும் ஆள் அனுப்ப முடியாது என்பது எனக்கும் தெரியும். குலுக்கல் முறையில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, கருவியோடு போய்ப் பார்க்கலாம். மற்றவற்றின் மாதாந்திர மின்பயன்பாடு மின்வாரியத்திடம் இருக்கிறது. பரப்பளவு உங்கள் அனுமதிக் கோப்பிலேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, கட்டடம் வாரியாக ஆண்டுதோறும் வெளியிட ஆணையிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்புப் பொறியாளர்