பின் ஆக்சிலை மாற்றாமல் கிளம்பாதே, மாப்ளே

மண்டபம்
11.5.2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. நாற்பது வருடப் பழைய மோட்டார் ஹோம் வண்டியை எவ்வளவு ஆசையாகத் துடைத்து, மெழுகு போட்டு வைத்திருக்கிறாய்! உள்ளே தங்கச்சி தோசை ஊற்றிக்கொண்டு நிற்கிற படத்தை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். ஆனால் என் கண் போனது பின் சக்கரப் படத்துக்குத்தான். இரட்டை டயர், நடுவில் ஐந்தே நட்டு. அந்த ஆக்சிலோடு நீங்கள் இருவரும் அமெரிக்காவின் ஆரிகான் கடற்கரைக்குக் கிளம்பக் கூடாது. அங்குள்ள மெக்கானிக், பேரிங் மட்டும் மாற்றினால் போதும் என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். போதாது. ஆக்சிலை முழுசாகவே மாற்ற வேண்டும்.

உன் வண்டி அடிப்படையில் ஒரு டொயோட்டா பிக்கப். கேபினையும் சேஸிஸையும் வாங்கி அதன் மேல் வீடு கட்டியவர்கள் வேறு ஆட்கள். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, கழிவறை என்று ஏற்றி, நாம் சாமான் செட்டும் வைத்தால் இரண்டரை டன் சுலபமாக வந்துவிடும். அதில் பெரும்பங்கு பின் சக்கரத்துக்கு மேலேயும், அதற்கும் பின்னால் நீட்டிக்கொண்டும் நிற்கிறது. அதைத் தாங்கப் பக்கத்துக்கு ஒரு டயரைக் கூடச் சேர்த்து இரட்டையாக்கினார்கள். டயர் தாங்கும், சரி. ஆக்சிலுக்குள் சுற்றுகிற இரும்புத் தண்டு, அந்த ஷாஃப்ட், அதே பழைய ஷாஃப்ட்தானே?

ஐந்து நட்டு ஆக்சில் செமி ஃப்ளோட்டிங் வகை. அதில் ஷாஃப்ட்டுக்கு இரண்டு வேலை: சக்கரத்தைச் சுற்றவும் வேண்டும், வண்டியின் பாரத்தைச் சுமக்கவும் வேண்டும். பக்கத்துக்கு ஒரே பேரிங்தான். சக்கரம் அதற்கு வெளியே தொங்கலில் நிற்கிறது. பாரத்தில் ஷாஃப்ட் கொஞ்சம் வளையும். ஒரு பக்கம் இழுபடும், எதிர்ப்பக்கம் நசுங்கும். அரைச் சுற்று போனதும் இழுபட்ட இடம் நசுங்கும், நசுங்கிய இடம் இழுபடும். வண்டி ஓடுகிற நேரமெல்லாம் இதேதான் நடக்கும். வெளிப்பக்கம் இன்னொரு டயர் சேர்ந்ததால் பாரம் பேரிங்கை விட்டு மேலும் தள்ளிப்போய்விட்டது. ஷாஃப்ட் ஒடிந்தாலோ பேரிங் உதிர்ந்தாலோ டயர், டிரம், ஷாஃப்ட் துண்டு மூன்றும் மொத்தமாகக் கழன்று வரும். டிரம் போனால் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே தள்ளி பிரேக் ஆயில் கொட்டிவிடும். மலைப்பாதையில் இறங்கும்போது நடந்தால் என்ன ஆகும்?

என் பட்டறை அலமாரியில் ஒரு ஒடிந்த ஷாஃப்ட்டை வைத்திருக்கிறேன். வேலை கற்றுக்கொள்ள வருகிற பையன்களுக்கு முதலில் அதைத்தான் கையில் கொடுப்பேன். உச்சிப்புளிக்குப் பக்கத்தில் கருவாட்டு மூட்டை ஏற்றி வந்த ஒரு பிக்கப்பில் ஒடிந்தது. கமான் பட்டையைக் கூட்டிப் போட்டு பாரம் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். ஆக்சிலை யாரும் நினைக்கவில்லை. சக்கரம் தனியாக உருண்டு சீமைக்கருவேலங்காட்டுக்குள் போய்விட்டது. எதிரே பஸ் வராதது அவர்கள் நல்ல நேரம். ஒடிந்த முகத்தைப் பார்த்தால் கதை தெரியும். ஓரத்தில் ஊசிமுனை அளவு ஒரு புள்ளி. அங்கிருந்து வளைவு வளைவாகக் கோடுகள், அலை வடிந்த மணலில் விழுகிற வரிகள் மாதிரி. அந்தப் பகுதி முழுக்க வழவழவென்று கருத்திருக்கும். மீதி கொஞ்ச இடம் மட்டும் சொரசொரப்பாக, பளிச்சென்று இருக்கும். கருத்தது, வண்டி ஓட ஓட மெல்லப் பரவிய விரிசல். பளிச்சென்று இருப்பது கடைசி நொடியில் ஒடிந்த இடம். அதுவரை டிரைவருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. புது பேரிங் போட்டால் இப்படிப்பட்ட விரிசல் மூடிக்கொள்ளுமா? அதனால்தான் உன் மெக்கானிக் சொன்னதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஃபுல் ஃப்ளோட்டிங்கில் இந்தப் பயம் இல்லை. நம் ஊர் டாடா 407 லாரியில் இருப்பது அதுதான். ஷாஃப்ட்டை மூடியிருக்கிற ஹவுசிங் குழாயின் முனையிலேயே இரண்டு டேப்பர் பேரிங் போட்டு, சக்கரம் மாட்டுகிற ஹப் உட்கார்ந்திருக்கும். பாரம் முழுக்க ஹவுசிங் மேல். ஷாஃப்ட் சுற்றுகிற வேலையை மட்டும் பார்க்கும். அது ஒடிந்தால் வண்டி நகராதே தவிர, சக்கரம் கழன்று ஓடாது. உன் வண்டி வகைக்கே பின்னாளில் ஆறு நட்டு ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில் வந்தது. பழைய வண்டிகளைத் திரும்ப அழைத்து அதை மாற்றிக் கொடுக்கவும் செய்தார்கள். எப்படியோ தப்பிப்போன வண்டி உன் கைக்கு வந்திருக்கிறது.

ஆறு நட்டு என்றதும் வாங்கிவிடாதே. நான்கு சக்கரமும் இழுக்கிற டொயோட்டா பிக்கப்புக்கும் பின்னால் ஆறு நட்டுதான். ஆனால் அது செமி ஃப்ளோட்டிங். ஹப்பின் நடுவைப் பார். சக்கரத்தின் நடுவிலிருந்து உருண்டையாக ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டு, அதன் முகத்தில் வட்டமாகச் சின்ன நட்டுகள் இருந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. அந்த நட்டுகளைக் கழற்றினால் சக்கரத்தைக் கழற்றாமலே ஷாஃப்ட்டை மட்டும் உருவலாம். புதிதாகக் கிடைக்கிற சாமான் இல்லை. எண்பதுகளின் பிற்பகுதி வண்டி எதையாவது உடைக்கிற இடத்தில்தான் தேட வேண்டும். சக்கர டிஸ்க்குகளையும் அதோடு சேர்த்தே வாங்கு, உன் ஐந்து நட்டு டிஸ்க் அதில் ஏறாது. ஆக்சில் நடுவில் இருக்கிற இரண்டு பல்சக்கரத்தில் கிரவுன் பல் எத்தனை, பினியன் பல் எத்தனை என்று கேட்டுக்கொள். 41-க்கு 10 என்றால் 4.10. உன்னுடைய பழையதும் அதே கணக்காக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மேட்டில் இழுவை மாறும், ஸ்பீடோமீட்டரும் தப்பாகக் காட்டும்.

இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது என்பதால் ஐஸ் வண்டி, மீன் வண்டி எல்லாம் பட்டறை வாசலில்தான் நிற்கின்றன. மீன் பெட்டியிலிருந்து ஒழுகுகிற உப்புத் தண்ணீர் நேராக, ஆக்சிலைக் கமான் பட்டையோடு பிடித்திருக்கிற யூ போல்ட்டிலும் ஹவுசிங்கிலும்தான் விழுகிறது. சுத்தியலால் தட்டினால் துரு தகடு தகடாக உதிர்கிறது. போன மாதம் 6-ம் தேதி புதுப் பாம்பன் பாலத்தைப் பிரதமர் வந்து திறந்துவைத்தார். நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளம், அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகிறது. 1914-ல் திறந்த பழைய பாலத்தை எத்தனை முறை பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார்கள், உனக்கே தெரியும். கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கும் மேல் ராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லாமல் சனங்கள் சிரமப்பட்டார்கள். ஆனாலும் நிறுத்தியதுதான் சரி என்று நான் அப்போதே சொன்னேன். இப்போது ரயில் போகிற சத்தம் கேட்கும்போது மனசுக்கு அவ்வளவு நிம்மதியாக இருக்கிறது.

சரி, ஆக்சில் வேலைக்கு வருகிறேன். லாரி வேலை தெரிந்த பட்டறையாகப் பார்த்துக் கொடு. நீயும் கூட நின்று பார். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்டு வைத்து, முன் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். வாங்கி வந்த ஆக்சிலை அப்படியே மாட்டாதே. நான்கு ஹப் பேரிங், ஆயில் சீல், பிரேக் லைனிங், வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் புதிதாகப் போடு. ஹவுசிங் மேல் பொத்தான் மாதிரி ஒரு பிரீதர், அதாவது காற்றுப் போக்கி, இருக்கும்; அது அடைத்திருந்தால் உள்ளே சூட்டில் அழுத்தம் ஏறி, ஆயில் சீலைத் தாண்டி லைனிங்குக்கு வந்துவிடும். யூ போல்ட் புதியதுதான் வேண்டும், ஒருமுறை இறுக்கி இழுபட்டதைத் திரும்பப் போடக் கூடாது. சேஸிஸிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு கம்பி வரும். பாரத்துக்கு ஏற்றபடி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிற வால்வின் கம்பி அது. அதை மாட்டாமல் தொங்க விட்டால் பின் பிரேக் சரியாகப் பிடிக்காது. கியர் ஆயில் 80டபிள்யூ-90 ஊற்று. பிரேக்கில் காற்று எடுத்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி, யூ போல்ட்டையும் சக்கர நட்டையும் மறுபடி இறுக்கு. ஹப்பைக் கையால் தொட்டுப் பார். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அந்தப் பக்கத்து பேரிங் அதிகம் இறுகியிருக்கிறது, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இனி முன்னால் ஐந்து நட்டு, பின்னால் ஆறு நட்டு. ஸ்டெப்னி இரண்டு வைத்துக்கொள். டயர் 185 ஆர் 14, 8 பிளை. கார் டயரைத் தலையில் கட்டினால் வாங்காதே. கிளம்பும் முன் தண்ணீர் நிரப்பி, சாமான் ஏற்றி, தங்கச்சியையும் உட்காரவைத்து, எடை மேடையில் பின் ஆக்சிலை மட்டும் தனியாக நிறுத்தி எடை போட்டுப் பார். ஆக்சில் மாற்றியது இன்னும் கூட ஏற்றலாம் என்பதற்காக இல்லை.

செலவைப் பற்றி யோசிப்பாய். வண்டி வாங்கிய காசில் பாதி ஆகிவிடும் என்று கணக்குப் போடுவாய். போடாதே மாப்ளே. நீயும் நானும் சைக்கிளில் தனுஷ்கோடி பக்கம் சுற்றிய நாளிலிருந்து ஊர் ஊராகப் போக வேண்டும் என்பது உன் ஆசை. பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் நேரம் கிடைத்திருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் நல்லபடியாகப் போய்த் திரும்ப வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம். பயணம் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

இங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்குக் கீழக்கரையில் வேலை கிடைத்திருக்கிறது, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். உன் வீட்டு வேப்பமரத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கிணற்றுத் தண்ணீர் இந்த வருடம் கொஞ்சம் உப்புக் கூடிவிட்டது.

ஆக்சில் ஏதாவது கண்ணில் பட்டால் காசு கொடுக்கும் முன் ஹப்பை நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்து அனுப்பு. இரவு எந்நேரம் ஆனாலும் பார்த்துப் பதில் போடுகிறேன்.

உன்
மச்சான்