தெரியாத எழுத்தை வரைந்து அனுப்பிய அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கும், எங்களுக்காக ஓடியாடிய எல்லோருக்கும்,

எங்கள் குடும்பத்தின் சொந்த ஊர் தமிழ்நாட்டில் எது என்று காட்டுவதற்காக அலைந்து தேடிய தாள் கைக்கு வந்துவிட்டது. நேற்று அப்பாவே கையெழுத்துப் போட்டு வாங்கினார். என்ன சிக்கல், எதற்காக இத்தனை அலைச்சல் என்பதெல்லாம் இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். பாதி நேரம் நீங்களும் கூடவே நின்றீர்கள். அதைத் திரும்ப எழுத மனம் வரவில்லை. இரவெல்லாம் தூக்கமில்லாமல் ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டே கிடந்தேன். விடிந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி நான் முகம்கூடப் பார்த்திராத ஒருவருக்கு. இலங்கையில் ஹட்டன் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குக் கோயில் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிற அக்கா அவர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை.

எங்கள் தாத்தா அந்தப் பங்கைச் சேர்ந்த தேயிலைத் தோட்டத்தில், லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) பிறந்தவர். 1931இல் அங்கே ஞானஸ்நானம். அதற்கான சான்றிதழ் வேண்டும் என்று கடிதம் போட்டிருந்தோம். அச்சடித்த ஒரு படிவம் வரும்: பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, தாய் தகப்பன், ஞானத்தாய், ஞானத்தந்தை, கொடுத்த குருவின் பெயர், கீழே முத்திரை. நாங்கள் கேட்டதும் அவ்வளவுதான். அதை மட்டும் அனுப்பியிருந்தாலே அவர் கடமை முடிந்திருக்கும்.

உறையைப் பிரித்தால் படிவத்துக்குப் பின்னால் பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த கோடு போட்ட தாள்கள் மடித்து வைத்திருந்தன. பழைய ஞானஸ்நான ஏட்டின் முதுகு விட்டுப்போய்விட்டதாம். விரித்து வைத்து நகல் எடுத்தால் தாள் உதிரும் என்று பங்குச் சாமி அனுமதிப்பதில்லை. அதனால் கையாலேயே எழுதியிருக்கிறார். தாத்தாவின் வரியை மட்டும் இல்லை, அந்த மாதத்தில் அதே தோட்டத்துப் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்ற வரிகள் அத்தனையும். அடிமட்டம் வைத்துக் கட்டம் போட்டு, ஏட்டில் எந்தப் பத்தி எங்கே இருக்கிறதோ அப்படியே. மை பரவிய இடத்தில் 'மை' என்று சின்னதாக எழுதியிருந்தார். பூச்சி அரித்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு, 'இங்கே ரெண்டு எழுத்து இல்லை' என்று பென்சிலில் குறித்திருந்தார். தானாக எதையும் நிரப்பவில்லை.

கடைசித் தாளின் அடியில் இப்படி எழுதியிருந்தார்: 'தம்பி, குறிப்புப் பகுதியில் ஊர்ப் பேர் மாதிரி ஒரு சொல் இருக்கு. எனக்கு வாசிக்கத் தெரியல. தப்பா எழுதி அனுப்புறதவிட, எழுத்து இருக்கிற மாதிரியே வரைஞ்சிருக்கேன். தெரிஞ்சவங்ககிட்டக் காட்டுங்க.'

அந்தச் சொல்லைத் தாத்தாவின் வரியில் ஒரு தடவை, வேறு இரண்டு பிள்ளைகளின் வரியில் இரண்டு தடவை, ஆக மூன்று இடத்தில் வரைந்திருந்தார். ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறுபட்டிருந்தது. வளைவு எங்கே தொடங்குகிறது, கோடு எங்கே அறுந்திருக்கிறது என்பதுவரை.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். இதே வரியின் நகல் ஒன்று முன்பே எங்களிடம் இருந்தது. அதை எழுதியவர் யார், எங்கே என்பதெல்லாம் வேண்டாம். அந்தச் சொல்லைத் தமக்குத் தோன்றியபடி 'ச'வில் தொடங்கும் ஓர் ஊராக ஆக்கித் தட்டச்சில் பளிச்சென்று கொடுத்திருந்தார். அந்தப் பெயரில் உண்மையிலேயே ஓர் ஊர் இருந்தது. போனோம். எங்கள் ஆட்களைப் பற்றிய சுவடே அங்கே இல்லை. ஏடு இல்லை என்றால்கூட மனம் ஆறும். ஏடு முழுசாக இருந்து, அதில் நம் பெயர் இல்லை என்றால், இலங்கையிலிருந்து வந்தவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றுதான் எதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள் நினைப்பார்கள். நினைத்தார்கள்.

அக்கா வரைந்து அனுப்பிய தாளைத் திண்டுக்கல்லில் ஓய்வில் இருக்கும் ஒரு சாமியிடம் கொண்டுபோனோம். ரோமில் படித்தவர். பூதக்கண்ணாடியை வைத்து மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, 'கண்டி மறைமாவட்டத்தில் அந்தக் காலத்தில் யார் இருந்தார்கள்? சில்வெஸ்திரின் துறவற சபைக்காரர்கள். இத்தாலிக்காரர்கள். இத்தாலியர் கைப்பட சி, எச் என்று எழுதி அடுத்து ஐ வந்தால் அது 'கி' ஓசை. நீங்கள் எல்லோரும் ஆங்கிலமாக வாசித்திருக்கிறீர்கள்' என்றார். கடைசியில் 'பட்டி' என்பது மூன்றாவது வரியில் தெளிவாகவே இருந்தது. பட்டி என்று முடியும் ஊர் மதுரை, திண்டுக்கல் பக்கம் எத்தனை எத்தனை! ஆனால் 'கி'யில் தொடங்கி, நடுவில் இன்ன நீளம், கடைசியில் பட்டி, அதுவும் கிறிஸ்தவக் குடிகள் உள்ள ஊர் என்றபோது ஒன்றுதான் மிஞ்சியது.

அக்கா, நீங்கள் அதை வாசித்து எழுதியிருந்தால் 'ச' என்றுதான் எழுதியிருப்பீர்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். வாசிக்காமல் வரைந்தீர்கள். எங்களுக்குக் கதவு திறந்தது அதனால்தான். அந்த மாதத்து மற்றப் பிள்ளைகளின் வரிகளை உங்களை எழுதச் சொன்னவர் யாரும் இல்லை. அவை இல்லாமல் அந்தப் 'பட்டி'யும் கிடைத்திருக்காது. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே கங்காணிக்குக் கீழே ஒரே தோட்டத்துக்கு வந்து, ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் ஞானத்தாயாக நின்றிருக்கிறார்கள் என்பது அந்த வரிகளைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கே புரிந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் கை கொடுத்தவர்கள் பலர். அந்த ஊர்ப் பங்கின் ஏடு லத்தீனில் இருந்தது. வீட்டில் இராயப்பன் என்று கூப்பிட்டவர் ஏட்டில் பெத்ருஸ், சூசை என்பவர் யோசேபுஸ், அருளப்பன் என்பவர் யோவான்னெஸ். இதெல்லாம் அத்துப்படியான பெரியவர் உபதேசியார் ஐயா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தார். தாத்தாவின் தாய் தகப்பனான பூட்டன் பூட்டிக்குக் கல்யாணம் ஆன வரி 1924இல் கிடைத்தது. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து அந்தக் கல்யாணத்தை அறிவித்த தேதிகளும் அதிலேயே இருந்தன. உபதேசியார் ஐயா அதோடு நிறுத்தவில்லை. 'இறந்தவர் ஏட்டையும் பார்த்துவிடுவோம் தம்பி, ஊரை விட்டுப் போனவர்கள் எதையாவது இங்கே விட்டுவிட்டுத்தான் போயிருப்பார்கள்' என்றார். 1926இல் ஒரு பெண் குழந்தை. எட்டு மாதம். தாய் தகப்பன் பெயர் எங்கள் பூட்டன் பூட்டி பெயர்.

அப்பா எழுபதை நெருங்குகிறவர். தனக்கு ஓர் அத்தை பிறந்திருந்தாள் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். குழந்தை அடக்கமான அடுத்த வருடம் அவர்கள் இருவரும் மண்டபம் முகாம் வழியாக அக்கரைக்கு, இலங்கைக்குப் போயிருக்கிறார்கள், தோட்டத்து எண் அடித்த தகரத் துண்டோடு. ஏன் போனார்கள் என்று தாத்தா ஒருநாளும் சொன்னதில்லை. ஒருவேளை அவருக்கே சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பா அந்தப் பெயரை உபதேசியார் ஐயாவிடம் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். ஊர்க் கல்லறையில் அந்தக் காலத்துக் குழிகளுக்கு அடையாளம் கிடையாது. அந்தக் குழந்தைக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு வந்தோம்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எங்களோடு பொறுமையாகப் பேசிய இரண்டு பேருக்கும் நன்றி. பழைய கணக்குகளில் பசலி ஆண்டு (வருவாய்க் கணக்கு ஆண்டு) போட்டிருந்தால் 590ஐக் கூட்டிக்கொள்ளுங்கள், பசலி 1334 என்றால் 1924 ஜூலையில் தொடங்குவது என்று சொல்லிக் கொடுத்தது அவர்கள்தான். 1910க்கு முன்னால் இராமநாதபுரம் ஜில்லா என்றே ஒன்று இல்லை, திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985இல்தான், பழைய காகிதத்தில் மதுரை ஜில்லா என்று இருந்தால் அதிலிருந்து பிரிந்த இன்றைய எந்த மாவட்டமாகவும் இருக்கலாம் என்று வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்க்கவில்லையா என்று என்னைக் கேட்காதவர் இல்லை. வீடு வீடாக எழுதிய அந்தத் தாள்களைத் தனி ஆள் பார்க்க முடியாது. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஊருக்கு எத்தனை பேர் என்ற கணக்குத்தான் வெளியே வரும், யார் யார் என்பது வராது. அதை முதல் நாளே நேராகச் சொல்லி எங்களை வீண் அலைச்சலிலிருந்து காப்பாற்றியதும் அவர்கள்தான். விடுப்புப் போட்டுவிட்டு வண்டியோட்டி வந்த மாமா, கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த கல்லூரித் தங்கை, வக்கீல் அண்ணன், அப்பாவுக்கு மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்தி அனுப்பிய பக்கத்து வீட்டு அத்தை, பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லாமல் இருக்கிறவர்கள், எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். உங்களை ஒரே வரியில் கட்டிவிட்டேன் என்று வருத்தப்படாதீர்கள். தனித்தனியாக வீட்டுக்கு வருவேன்.

எங்களைப் போன்றவர்களுக்குப் பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. பூட்டன் காலத்துக் கூரை தோட்டத்துக்குச் சொந்தம், தாத்தா காலத்துக் கூரையும் அப்படித்தான். 1948இல் இலங்கையில் எங்கள் ஆட்களின் குடியுரிமை போயிற்று. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டபோது ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்ப்போம் என்று. அந்த ஐந்தே கால் லட்சத்தில் அப்பாவும் ஒருவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரியில் தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் மறுபடி கொழுந்துக்கூடையைப் பார்த்தவர். இத்தனை கணக்குகளுக்கு நடுவில் எங்கள் ஆட்களைப் பெயர் சொல்லி, இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்த பிள்ளை என்று ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்றால், அது அந்தக் கோயில் அலமாரியில் இருந்த ஏட்டில்தான். அதை எழுதியவர் ஓர் இத்தாலிக்காரச் சாமி. பெற்றோரின் சொந்த ஊரையும் ஓரத்தில் குறித்து வைத்தார். நூறு வருடத்துக்குப் பக்கத்தில் கழித்து, அவர் எழுத்தை வாசிக்கத் தெரியாத ஒரு பெண் அதைக் கலைக்காமல் எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் நாங்கள் யாரோ.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். எங்கள் குடியிருப்பிலும் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் இலங்கையில் பிறந்து வந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதப் போகிறேன்: எந்தத் தோட்டம், எந்த டிவிசன், கங்காணி பெயர், தாய் தகப்பன், சொந்த ஊர் என்று சொல்லக் கேட்ட பெயர். ஊர்ப் பெயரை அவர்கள் எப்படி உச்சரிக்கிறார்களோ அப்படியே எழுதுவேன். தெரியாததைக் கட்டத்தில் வெறுமையாக விடுவேன், அக்கா செய்ததுபோல.

அங்கே உள்ள பங்குகளுக்குக் கடிதம் எழுத வேண்டியவர்கள் என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன். கடிதத்தில் வீட்டுப் பெயர், கோயில் பெயர் இரண்டையும் போட வேண்டும். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோடு, நம் ஆட்கள் சொல்லும் தமிழ்ப் பெயரையும் சேர்க்க வேண்டும். குறிப்புப் பகுதியில் என்ன இருந்தாலும் அதையும் எடுத்து எழுதும்படி தனியாக ஒரு வரி கேட்க வேண்டும். கோயில் ஏடு இல்லாத இந்துக் குடும்பங்களுக்கு வழி வேறு. தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டையிலிருந்தும் தோட்டத்துப் பிறப்புப் பதிவிலிருந்தும் தொடங்க வேண்டும். அதையும் சேர்ந்தே பார்ப்போம். ஞாயிறு பூசை முடிந்து பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். குடும்ப அட்டை, பழைய கடிதம், தோட்டத்துத் துண்டு, எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஒட்டவேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள்.

நன்றியுடன்,
உங்கள் தம்பி