சொட்டு விடுமுன் ஒருமுறை பாருங்கள்

பர்மாவில் ரங்கூனிலும் மோல்மேனிலும் கண் சிகிச்சைப் பிரிவுகளை நடத்தும் நிர்வாகத்தினருக்கும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

கூட்டம் எவ்வளவு, கையாள ஆள் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும். என் அம்மாவுக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 12 வருடமாகச் சர்க்கரை. 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய கண் அழுத்தம் வலக்கண்ணில் 34. திறந்த கோண கிளாக்கோமா (கண்ணுக்குள் நீர் வடியும் மூலை திறந்திருந்தும் அழுத்தம் ஏறும் நோய்) என்று சீட்டில் எழுதிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். நான்கு மாதம் ஒரு வேளைகூடத் தவறாமல் விட்டோம், அழுத்தம் இறங்கவில்லை. தாட்டோனிலிருந்து பஸ் ஏறி வந்த ஒவ்வொரு முறையும், வராந்தா பெஞ்சிலேயே கண்ணின் நடுவிலுள்ள பாப்பாவை விரிக்கும் சொட்டை விட்ட பிறகுதான் டாக்டரிடம் அனுப்பினார்கள்.

ஐந்தாம் மாதம் ஓர் இளம் டாக்டர் சொட்டு விடுமுன் ஸ்லிட் லேம்ப்பில், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவியில், பார்த்தார். பாப்பாவின் ஓரத்தில், அதைச் சுற்றியுள்ள நிற வளையமான ஐரிஸ் மேல், சிவப்பு நூலாகப் புது ரத்த நாளங்கள். சர்க்கரையால் விழித்திரைக்கு ரத்தம் குறைந்தால் இவை முளைக்கும். அந்த மூலையான கோணம் வரை படர்ந்து, கண்ணீர் அல்ல, கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழியை மெல்லிய சவ்வால் மூடும். ஆரம்பத்தில் கோணம் திறந்தே தெரிவதால் சாதாரண கிளாக்கோமா என்று ஏமாந்துவிடலாம். பிறகு சவ்வு சுருங்கிக் கோணத்தையே அடைத்துவிடும். பாப்பா விரிந்துவிட்டால் அந்த நூல்கள் கண்ணில் படாமலே போகலாம். முன்பே கண்டிருந்தால் லேசரும் ஊசியும் உதவியிருக்கும். அம்மாவின் வலக்கண் போய்விட்டது.

சாயங்காலம் விளக்கேற்றும்போது தீக்குச்சி திரிக்கு ஒரு விரற்கடை தள்ளியே நிற்கிறது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. விரல் சுட்ட பிறகுதான் உதறுகிறார். "எண்ணெய் போதலப்பா" என்று என்னிடம் மழுப்புகிறார்.

சீட்டு பர்மிய மொழியில்; எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு அதை வாசிக்கத் தெரியாது. தமிழில் இரண்டு வார்த்தை எடுத்துச் சொல்ல ஆளில்லை. கரண்டு போனால் அன்று பரிசோதனையே இல்லை. இதையெல்லாம் எத்தனை காலம் பொறுப்பது?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: சர்க்கரை உள்ளவர், அழுத்தம் கூடியவர் யார் வந்தாலும், சொட்டு விடுமுன் ஐரிஸைப் பாருங்கள். லென்ஸ் வைத்துக் கோணத்தையும் பாருங்கள். பெஞ்சில் சொட்டு விடும் ஊழியரிடம் இதை எழுதியே கொடுத்துவிடுங்கள்.

அடுத்த வாரம் அம்மாவின் இடக்கண்ணைக் காட்ட வருகிறோம். தயவுசெய்து, முதலில் பாருங்கள்.

தாட்டோனிலிருந்து ஒரு மகன்